கடைமடைக்கு வந்து சேர்ந்ததா? தலித் இளைஞர் திட்டங்களும் அவற்றைக் கண்காணித்த வரலாறும்

(சுருளிப்பட்டியில் நிகழ்த்தப்பட்ட நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



முதல் போகத்துக்குத் தேக்கடியில் ஷட்டரைத் திறந்தால், மறுநாள் நாளிதழில் செய்தி வரும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குத் தண்ணீர் திறப்பு என்று போடுவார்கள். எத்தனை கனஅடி என்ற எண்ணும் அதில் சரியாகவே இருக்கும். ஆனால் கடைமடை வயலில் தண்ணீர் ஏறியதா என்பதை அந்த எண் சொல்லாது. அதைக் கடைமடையில் மண்வெட்டியோடு நிற்கிறவரிடம்தான் கேட்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நம் பிள்ளைகளுக்கென்று அரசு அறிவிக்கும் திட்டங்களுக்கும் இதே விஷயம் பொருந்துகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இந்தப் பேருரை எவர் நினைவாக நடக்கிறதோ அந்த வாத்தியார் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபின், நம் தெருக்களில் எந்தப் பிள்ளை எங்கே சேர்ந்தது, யார் விடுதிக்குப் போனது, யாருக்கு உதவித்தொகை வந்தது, எந்த மாதம் வந்தது, யார் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டப் போனது, யார் விடியற்காலையில் ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறியது என்று எழுதி வைப்பார். யாரும் அவரிடம் கேட்ட கணக்கல்ல அது. எந்த அலுவலகத்துக்கும் அவர் அதை அனுப்பியதும் இல்லை. ஆனால் ஊரில் யாராவது "எல்லாச் சலுகையும் உங்களுக்குத்தானே" என்று சொன்னால், அவர் பதில் பேசாமல் அந்த நோட்டை எடுத்துப் போடுவார்.

அந்த நோட்டு அவர் ஒருவரின் பழக்கம் என்று நாம் நினைத்திருந்தோம். வரலாற்றைத் திருப்பிப் பார்த்தால், நம் முன்னோடிகள் நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவந்த வேலை அது என்று தெரிகிறது. நமக்கென்று போடப்பட்ட ஆணைகளுக்குப் பெரிய பஞ்சம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆணை வந்து சேர்ந்ததா என்று கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் எப்போதும் சண்டையாக இருந்திருக்கிறது.

1. ஆணை இருந்தது, கதவு திறக்கவில்லை

1891ஆம் ஆண்டு செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892இல் நிலம் தொடர்பான ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் மீட்கப் போராடும் நிலங்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அடுத்த ஆண்டே, 1893 பிப்ரவரியில், பஞ்சமர் கல்விக்கான அரசாணை வந்தது. அதை அந்தக் காலத்தில் பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்றே கொண்டாடினார்கள்.

அந்த ஆணை எப்படி இயங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று சென்னை மாகாணத்தில், தேர்ச்சியைப் பார்த்து மானியம் தரும் முறை இருந்தது. ஆய்வாளர் வந்து தேர்வு வைப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதற்கேற்பப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னால் அந்த மானியம் கூடுதலாகக் கிடைக்கும் என்றது ஆணை. நல்ல ஏற்பாடுதான். அதனால் மிஷன் பள்ளிகள் பெருகின. ஆனால் பிள்ளை ஆண்டு முழுவதும் என்ன கற்றது என்பதை அல்ல, ஆய்வாளர் வந்த அந்த ஒரு நாளில் என்ன காட்டியது என்பதையே அந்த முறை அளந்தது. பள்ளிக்கே வராத பிள்ளையைப் பற்றி அதில் எழுத இடமே இல்லை. உள்ளே வந்தவர்களைத்தான் அந்தக் கணக்குக்குத் தெரியும். வாசலில் நின்றவர்களைத் தெரியாது.

வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர் என்பது கால் நூற்றாண்டு கழித்து வெளிவந்தது. 1919இல் அரசே எடுத்துப் பார்த்த கணக்கின்படி, மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஏறக்குறைய 600 பள்ளிகள்தான் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்த்திருந்தன. மற்றவற்றில் பல அக்கிரகாரத்திலும் கோயில் அருகிலும் சாவடியிலும் இருந்தன. அந்தத் தெருவுக்குள் நம் பிள்ளை நடக்கவே முடியாது என்னும்போது, பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது என்று தாளில் எழுதியிருப்பதால் என்ன பயன்? வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, அனைவருக்கும் பொதுவான விதி, ஆய்வாளர், பதிவேடு எல்லாம் இருந்தன. பிள்ளை மட்டும் உள்ளே இல்லை.

ஒரு திட்டம் தோற்றது என்று சொல்வதற்கு முன் அது நடந்ததா என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்குத் தேவையில்லை. "இவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் படிக்க மாட்டார்கள்" என்று அன்றும் சொன்னார்கள். படிக்க மறுத்தவர்கள் யார், படிக்க விடாமல் மறுக்கப்பட்டவர்கள் யார் என்பதை அந்த எண்கள் பிரித்துக் காட்டிவிட்டன.

2. தண்டோரா போடச் சொன்னவர்

இந்த இடத்தில் இரட்டைமலை சீனிவாசனை நினைக்க வேண்டும். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர் அவர். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை நாம் அறிவோம். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தத் தீர்மானத்தை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்று உண்டு. தீர்மானம் நிறைவேறியதோடு அவர் திருப்தி அடைந்துவிடவில்லை. அது அரசிதழில் வர வேண்டும், உள்ளாட்சி அமைப்புகளுக்குப் போக வேண்டும், கிராமங்களில் தமிழில் தண்டோரா போட்டுச் சொல்லப்பட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

ஏன் தண்டோரா? ஆணை என்ன சொல்கிறது என்று தெரியாதவரால், அது மீறப்படுவதையும் சொல்ல முடியாது. கண்காணிப்பின் முதல் படி அதுதான்: எனக்கு என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கும் ஒரு விடுதி மாணவரிடம் உனக்கு மாதம் எவ்வளவு உணவுக் கட்டணம் அரசு ஒதுக்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு முன் அவர் கேட்ட தண்டோரா இன்னும் போடப்படவில்லை என்பது விளங்கும்.

அதே காலத்தில் எம்.சி. ராஜாவும் சட்டமன்றத்தில் நம் கல்விக்காகத் தொடர்ந்து குரல் எழுப்பினார். பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்ற பெயரே அரசுப் பதிவுகளில் வழங்க வேண்டும் என்று 1922இல் தீர்மானம் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அருந்ததியர் மக்களுக்காக எல்.சி. குருசாமி சென்னையில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்வி நிலையம் தொடங்கினார். இவர்களில் சிலர் பள்ளி நடத்தினார்கள், சிலர் கேள்வி கேட்டார்கள், சிலர் இரண்டையும் செய்தார்கள். நாம் பெரும்பாலும் பள்ளி நடத்தியவர்களுக்கு மட்டும் மாலை போடுகிறோம். கேள்வி கேட்டவர்களையும் கல்வியாளர்கள் என்றே சொல்ல வேண்டும்.

3. நூறில் பதினெட்டு

பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1927 மார்ச் 12 அன்று கல்வி மானியம் பற்றிப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். அந்தப் பேச்சை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். அதில் அவர் இரண்டு கணக்குகளை எடுத்து வைத்தார். அரசு கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவழிக்கிறது, சாராய வரியாகத் தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறது என்பது ஒன்று. தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் பதினெட்டுப் பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்பது மற்றொன்று.

இரண்டாவது கணக்கை நின்று பாருங்கள். அதுவரை அரசு பெருமையாகச் சொன்னது சேர்க்கை எண்ணிக்கையை. அம்பேத்கர் கேட்டது தங்கிய எண்ணிக்கையை. சேர்த்தது நூறு என்றால், நான்காம் வகுப்பு வரை வராத எண்பத்திரண்டு பேர் எங்கே போனார்கள்? நான்கு ஆண்டு படிக்காத பிள்ளை கற்ற எழுத்தையும் மறந்துவிடும் என்றால், அந்த எண்பத்திரண்டு பேருக்குச் செலவிட்ட பணம் என்ன ஆனது? வாசலில் எண்ணுவதை விட்டுவிட்டு, வழியில் எண்ண வேண்டும் என்பதே அவர் முறை. வாத்தியாரின் நோட்டில் இருந்ததும் அதே முறைதான்.

1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான பிறகு, பட்டியல் சாதியினரின் குறைகளைப் பட்டியலிட்டு லின்லித்கோவிடம் அவர் ஒரு மனு அளித்தார். உயர்கல்விக்கு, குறிப்பாக அறிவியல் தொழில்நுட்பக் கல்விக்கு, மத்திய அரசு பணம் தர வேண்டும் என்று அதில் கேட்டார். அதன் விளைவாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய அந்த உதவித்தொகைதான் இன்று நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் தாய். இதை யாரோ மனமிரங்கித் தந்த பிச்சை என்று எண்ணுகிறவர்கள் அந்த மனுவைப் படிக்க வேண்டும். அது புள்ளிவிவரத்தோடு கேட்டு வாங்கிய உரிமை.

4. விடுதி என்பது எதைக் கொண்டது?

சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கான பள்ளிகளும் விடுதிகளும் முதலில் 1920இல் உருவான லேபர் கமிஷனர் அலுவலகத்தின் கீழ் வந்தன. மூத்தவர்கள் 'லேபர் ஸ்கூல்' என்று சொல்வதன் காரணம் அதுதான். 1949இல் அரிஜன நலத்துறை தனியாக வந்தது. பிறகு அது ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிற்று. இன்று தமிழ்நாட்டில் இந்தத் துறையின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளும், 1,300க்கும் மேற்பட்ட விடுதிகளும் உள்ளன. 2025 ஜூலையில், எல்லா அரசு மாணவர் விடுதிகளும் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். சாதிப் பெயர் பலகையிலிருந்து போனது நல்லதுதான். 1922இல் எம்.சி. ராஜா கேட்டதன் தொடர்ச்சி அது. ஆனால் பலகை மாறியதா என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடாது.

விடுதி என்ற திட்டம் எதைக் கொண்டது? கட்டடம் மட்டுமா? படிக்க வெளிச்சம், தூங்க இடம், குளிக்கத் தண்ணீர், மூன்று வேளை சாப்பாடு, இரவில் உடன் இருக்கும் காப்பாளர், உடம்பு முடியாவிட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போக ஆள், பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. இத்தனையும் சேர்ந்ததுதான் விடுதி. இதில் ஒன்று குறைந்தாலும் தாளில் விடுதி இருக்கும், பிள்ளைக்கு விடுதி இருக்காது.

சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2023இல் பள்ளி மாணவருக்கான மாத உணவுக் கட்டணத்தை 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவருக்கு 1,100இலிருந்து 1,500 ஆகவும் அரசு உயர்த்தியது. வரவேற்போம். 1,400ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. மூன்று வேளைக்கும் அதுதான். இந்தக் கணக்கு நமக்கு இரண்டு வேலைகளைத் தருகிறது. அந்த 47 ரூபாய் முழுதாகத் தட்டுக்கு வந்ததா என்று கேட்பது ஒன்று. முழுதாக வந்தாலும், வளரும் பிள்ளைக்கு அது போதுமா என்று கேட்பது மற்றொன்று. முதல் கேள்வி நடைமுறையைப் பற்றியது, இரண்டாவது வடிவமைப்பைப் பற்றியது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பழி தப்பான இடத்தில் போய் விழும். ஒதுக்கீடே போதாத இடத்தில் சமையலரைத் திட்டுவோம். திருட்டு நடக்கும் இடத்தில் அரசின் நிதி நெருக்கடி பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

எந்த இளைஞர் திட்டத்தையும் ஐந்து கேள்விகளால் அளந்துவிடலாம். யாருக்கு வர வேண்டுமோ அவர்களுக்கு வந்ததா? சொன்ன அளவு வந்ததா? சொன்ன நேரத்தில் வந்ததா? சொன்ன தரத்தில் வந்ததா? மரியாதையோடு வந்ததா? கடைசிக் கேள்வி எந்த அரசுப் படிவத்திலும் இருப்பதில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவியை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி எழுந்து நிற்கச் சொன்னால், பணம் வந்தாலும் திட்டம் வந்து சேரவில்லை.

5. தாமதமும் ஒரு மறுப்புதான்

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் கதையில் மூன்றாவது கேள்விதான் முதன்மையானது. கல்லூரி ஜூனில் கட்டணம் கேட்கும். உதவித்தொகை அடுத்த கோடையில் வந்தால் அது உதவித்தொகையா, கடனை அடைக்கும் பணமா? இடைப்பட்ட மாதங்களில் தாய் கந்துவட்டிக்கு வாங்குகிறாள். கல்லூரி தேர்வுச் சீட்டை நிறுத்தி வைக்கிறது. பையன் ஒரு மாதம் ஏலக்காய் பறிக்கப் போகிறான், திரும்பி வராமல் போகிறான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இடைநின்றவர் பட்டியலில் சேரும். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழல்' என்று எழுதுவார்கள். தாமதம் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

இந்திய கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவர், தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் இந்த உதவித்தொகை எப்படி நடந்தது என்று ஆராய்ந்து 2018இல் அறிக்கை தந்தார். 2012 முதல் 2017 வரையிலான ஆண்டுகளை அது எடுத்துக்கொண்டது. தகுதியுள்ள மாணவர்கள் யார் என்ற ஒழுங்கான பட்டியலே இல்லாதது, பணம் தாமதமாகப் போனது, கண்காணிப்புப் பலவீனம் என்று அது சொன்னவை நமக்குப் புதியவை அல்ல. ஆனால் நாம் சொன்னால் புலம்பல், தணிக்கை சொன்னால் ஆவணம். அதனால் அந்த அறிக்கையை நாம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2020 டிசம்பர் 23 அன்று மத்திய அமைச்சரவை இத்திட்டத்தை மாற்றியமைத்தது. அதற்கு முன், மாநிலங்கள் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாங்களே சுமந்த பிறகு மிஞ்சியதை மட்டும் மத்திய அரசு தரும் முறை இருந்தது. அதனால் மத்தியப் பங்கு சுருங்கிப் பல மாநிலங்களில் திட்டமே முடங்கியது. புதிய முறையில் 60 பங்கு மத்தியம், 40 பங்கு மாநிலம். ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய் என்றார்கள். மாநிலம் தன் 40 பங்கை விடுவித்த பிறகு மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரே போகும். சமூகத் தணிக்கை, ஆண்டுதோறும் வெளியார் மதிப்பீடு, கல்வி நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் அறிக்கை ஆகியவையும் அறிவிப்பில் இருந்தன.

அந்தச் சமூகத் தணிக்கை என்ற சொல்தான் நம் கையில் கிடைத்திருக்கும் மண்வெட்டி. உங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று நடந்ததா? நடந்திருந்தால் உங்களிடம் யாராவது கேட்டார்களா? இந்த அவையில் இருக்கும் மாணவர்கள் கையைத் தூக்கிச் சொல்லலாம்.

வடிவமைப்பே நடுவழியில் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் நம் மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஆணை எண் 92ஐ வெளியிட்டது. கூலி வீட்டுப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தது அதனால்தான். 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். அந்த மாற்றத்துக்கும் தண்டோரா போடவில்லை. பழைய ஆணையை நம்பிப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் கட்டண ரசீதைப் பார்த்துத்தான் புதிய விதியைத் தெரிந்துகொண்டார்கள். ஆகவே திட்டம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பவர்கள், சொன்னது மாறாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

6. ஓக்லாந்திலிருந்து ஒரு பாடம்

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1966இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில், வேலையில்லாத கறுப்பின மக்களுக்கு வேலை உருவாக்க 2 கோடியே 30 லட்சம் டாலர் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. பணம் இருந்தது, எதிர்ப்பும் பெரிதாக இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கிடைத்த வேலைகள் சொற்பம். ஏன் என்று பிரஸ்மன், வில்டாவ்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1973இல் நூல் எழுதினார்கள். ஒரு முடிவு மக்களிடம் போய்ச் சேர எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்று அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் தயக்கம், கொஞ்சம் தாமதம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் வந்து சேரவில்லை. திட்டங்களின் செயலாக்கம் பற்றிய படிப்பு உலகப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்ததில் அந்த நூலுக்கு முக்கிய இடம் உண்டு.

அதே ஓக்லாந்தில், அதே 1966இல், பிளாக் பாந்தர் கட்சி தொடங்கியது. 1969 ஜனவரியில் அவர்கள் ஒரு தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடத் தொடங்கினார்கள். அரசின் கோடிகள் மேசைகளில் தங்கிய ஊரில், அந்தப் பிள்ளைகள் காலையில் சாப்பிட்டார்கள். அந்தக் கட்சியின் பெயரை எடுத்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் எழுந்தார்கள். நாமே எல்லாவற்றையும் நடத்திவிட வேண்டும் என்பதல்ல இதன் பாடம். வரி கட்டுகிற நாம் ஏன் அரசை விட வேண்டும்? ஒவ்வொரு பிள்ளையையும் பெயரால் அறிந்தவர்கள் நடத்தும்போது எது வரவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது என்பதுதான் பாடம்.

7. கண்காணிப்பு யார் மேல்?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்காணிப்பு என்ற சொல் நம் மக்களுக்கு அவ்வளவு இனிமையானதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறமலைக் கள்ளர் ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைக்கப்பட்டதும், அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாம் அறிந்தவை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கண்காணிப்பது எளிது. விடுதியில் விரல் ரேகைக் கருவி வைத்தால் பிள்ளை வந்ததா என்று தெரியும். முட்டை வந்ததா என்று எந்தக் கருவி சொல்லும்? நாம் கேட்பது பிள்ளைகள் மீதான கண்காணிப்பை அல்ல. பிள்ளைகள் திட்டத்தைக் கண்காணிக்கும் உரிமையை.

இரண்டாவது எச்சரிக்கை: காப்பாளரும் சமையலரும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களே. பள்ளியில் பாடமும் நடத்தி, விடுதிக் கணக்கும் எழுதும் ஆசிரியர்கள் உண்டு. காலிப் பணியிடத்தை நிரப்பாதவர் தலைநகரில் இருக்கும்போது, இருக்கிற ஒருவரைப் பிடித்து உலுக்குவது கண்காணிப்பு ஆகாது.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. குறையைக் கண்டுபிடித்தால் திருத்துவதற்குப் பதிலாக மூடிவிடுவார்கள். கழிப்பறை இல்லாததால் பிள்ளைகள் குறைந்தால், பிள்ளைகள் குறைந்ததால் விடுதி தேவையில்லை என்று கணக்கு எழுதிவிடலாம். 2023-24 நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உட்பட பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக அறிவித்தபோது, நம் மாவட்டத்தில் எழுந்த கவலைக்கு இதுவும் ஒரு காரணம். இணைப்பதால் தரம் உயருமா, தனியாக இருந்ததால் கிடைத்த கவனம் போய்விடுமா என்று விவாதிக்கலாம். ஆனால் அந்த விவாதத்துக்கு முன், அந்தப் பள்ளிகளுக்குத் தருவதாகச் சொன்னது தரப்பட்டதா என்ற கணக்கு மேசையில் இருக்க வேண்டும். தரப்படாத ஒன்றைத் தோற்றுவிட்டது என்று சொல்லி எடுத்துவிட நாம் அனுமதிக்கக் கூடாது.

8. நோட்டைத் திறப்போம்

நமக்குக் கருவிகள் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை 1997இலேயே இயற்றிய மாநிலம் நம்முடையது. 2005இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. அதற்குப் பின்னணியில், ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் நடத்திய மக்கள் விசாரணை இருக்கிறது. கூலிப் பட்டியலை ஊர் நடுவில் வாசித்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து, தான் அந்த வேலையே செய்யவில்லை, அந்தப் பணத்தைப் பார்க்கவே இல்லை என்று சொன்னார். வேறு எந்தத் தொழில்நுட்பமும் அதில் இல்லை. பதிவேட்டைச் சத்தமாக வாசித்தார்கள், அவ்வளவுதான். 2005இன் வேலை உறுதிச் சட்டத்தில் சமூகத் தணிக்கை 17ஆம் பிரிவாக நுழைந்தது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி மாவட்ட அளவில் விழிப்பு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். 2024இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமும் நிறைவேறியது. 1979-80இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டத்துக்குச் சட்டத்தின் பலம் கிடைக்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. சட்டம் வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டுப் போனால், 1893இல் கைதட்டியவர்களின் தவறையே நாமும் செய்வோம்.

ஒரே ஒரு சான்றோடு முடிப்போம். பட்டியல் சாதிக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு என்ன கிடைத்தது என்று நீதிபதி ஜனார்த்தனம் குழு எடுத்துப் பார்த்தது. எண்கள் பேசின. 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. நமக்குள்ளேயே கடைமடை உண்டு என்பதை அந்த எண்ணிக்கை காட்டியது. ஆகவே நம் நோட்டிலும் பெண் பிள்ளைகளுக்கு, அருந்ததியர் தெருவுக்கு, கிறித்தவர்களான நம் குடும்பங்களுக்கு என்று தனித்தனிப் பத்தி இருக்க வேண்டும். மொத்தக் கூட்டல் எப்போதும் கடைசியில் நிற்பவரை மறைத்துவிடும்.

எனவே இந்த அமைப்பின் சார்பில் நாங்கள் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறோம். இந்த ஆண்டு முதல், சுருளிப்பட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதிய நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுவோம். என்ன வர வேண்டும், என்ன வந்தது, எந்தத் தேதியில் வந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும், போஸ்ட் மெட்ரிக்கும், விடுதி இடமும், தாட்கோ பயிற்சியும் அதில் அடங்கும். பிள்ளைகளின் பெயர்கள் வெளியே போகாது, எண்ணிக்கை மட்டும் போகும். ஆண்டுக்கு ஒருமுறை, இதே நினைவு நாளில், அந்த எண்ணிக்கையை இந்த மேடையில் வாசிப்போம். அலுவலர்களையும் அழைப்போம். நல்லது நடந்திருந்தால் அதையும் அவர்கள் முன்னாலேயே சொல்வோம்.

வாத்தியாரின் நோட்டில் கடைசியாக எழுதப்பட்ட பக்கத்தில் பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்கு பேருக்கு நேரே ஒன்றும் எழுதப்படவில்லை. விசாரித்து எழுதலாம் என்று அவர் விட்டு வைத்திருந்த இடம் அது. அந்த நான்கு பேரைத் தேடிக் கண்டுபிடிப்பதிலிருந்து நம் வேலை தொடங்குகிறது.

ஜெய் பீம்.